அறிவியல், பொறியியல் படித்துவிட்டு குவான்ட் வேலைக்கு: சிங்கப்பூரில் எந்தக் கதவு, என்ன தயாரிப்பு

நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் மின்னணுவியல் முடித்தவர்கள், தேசியப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் ஆய்வு செய்பவர்கள், உட்லண்ட்ஸ் பக்கம் வேஃபர் ஃபேப்பில் (சிப் தயாரிக்கும் ஆலையில்) சில ஆண்டு வேலை பார்த்தவர்கள், ஊரிலிருந்து முதுகலைக்கு இங்கு வந்த தம்பி தங்கைகள் எல்லாரும் கேட்பது ஒரே கேள்வி: "குவான்ட் வேலைக்குப் போக என்ன படிக்க வேண்டும்?" குவான்ட் என்றால் விலை, அபாயம், வர்த்தகம் ஆகியவற்றைக் கணிதத்தாலும் நிரலாலும் கையாளும் நிதித்துறை வேலை. எந்த குவான்ட் வேலை என்று முடிவு செய்யாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. ராஃபிள்ஸ் பிளேஸுக்கும் மரினா பேக்கும் நடுவே அந்தப் பெயரில் ஐந்தாறு வெவ்வேறு வேலைகள் இருக்கின்றன. ஒன்றுக்குத் தயாரானவர் இன்னொன்றின் நேர்காணலில் முதல் சுற்றைக்கூடத் தாண்டாமல் போகலாம்.

வங்கியில் வர்த்தகர்களோடு உட்கார்ந்து ஆப்ஷன் (முன்பே பேசிய விலையில் பின்னால் வாங்கவோ விற்கவோ உள்ள உரிமை), ஸ்வாப் (வட்டி போன்ற பணவரவுகளை மாற்றிக்கொள்ளும் ஒப்பந்தம்) விலைகளுக்கான கணித மாதிரிகளைக் கட்டுபவர் டெஸ்க் குவான்ட். அந்த மாதிரி சரிதானா என்று தனியாக நின்று சோதிப்பது மாதிரிச் சரிபார்ப்புக் குழு. வங்கி ஒரு நாளில் எவ்வளவு இழக்கக்கூடும் என்று கணக்கிடுவது சந்தை அபாயக் குழு. டிபிஎஸ், ஓசிபிசி, யூஓபி மூன்றிலும், இங்கே பெரிய அலுவலகம் வைத்திருக்கும் வெளிநாட்டு வங்கிகளிலும் இந்த வேலைகள் உண்டு. ஹெட்ஜ் ஃபண்டுகளும் (முதலீட்டாளர் பணத்தில் பல உத்திகளில் வர்த்தகம் செய்யும் தனியார் நிதிகள்), சொந்தப் பணத்தில் வர்த்தகம் செய்யும் நிறுவனங்களும் வேறு உலகம். அங்கே ஆய்வாளர் விலை எந்தப் பக்கம் நகரும் என்பதற்குத் தரவில் தடயம் தேடுவார். டெவலப்பர் அதை மைக்ரோ வினாடிக் கணக்கில் ஓடும் நிரலாக்குவார். வர்த்தகர் சந்தை திறந்திருக்கும் நேரம் முழுக்க அதை நடத்துவார். கையில் அறிவியல் பட்டமும் நிதித்துறை அனுபவம் பூஜ்யமுமாக வருபவருக்கு அகலமாகத் திறந்திருப்பது அபாயமும் மாதிரிச் சரிபார்ப்பும்தான் என்பது என் கணிப்பு. அங்கிருந்து இரண்டு மூன்று ஆண்டில் டெஸ்க் பக்கம் நகர்வது நடக்கிற காரியம். நேராக ஹெட்ஜ் ஃபண்ட் ஆய்வாளர் வேலையை மட்டும் குறிவைத்து, அது கிடைக்காமல் ஓராண்டைக் கரைப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

இன்னொன்று, சிங்கப்பூரில் எந்தச் சந்தை பெரியது என்று தெரிந்துகொண்டு படியுங்கள். சர்வதேசத் தீர்வு வங்கி 2022 ஏப்ரலில் எடுத்த கணக்கெடுப்பில், இங்கே நாளொன்றுக்குச் சராசரியாக 929 பில்லியன் அமெரிக்க டாலர் அளவுக்கு அந்நியச் செலாவணி கைமாறியது. லண்டன், நியூயார்க்குக்கு அடுத்த இடம். சிங்கப்பூர்ச் சந்தையில் இரும்புத் தாது, ரப்பர், நிக்கேய் 225, சீனாவின் ஏ50 குறியீடு ஆகியவற்றின் ஃபியூச்சர்ஸ் (பின்னொரு நாளுக்கு இன்றே விலை பேசும் ஒப்பந்தங்கள்) நடக்கின்றன. பங்குகளை மட்டும் படித்துவிட்டு வருபவருக்கு இங்கே பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கும். இங்கே மத்திய வங்கியான நாணய ஆணையம் வட்டி விகிதத்தை வைத்துக் கொள்கை நடத்துவதில்லை. 1981 முதல் வெள்ளியின் (சிங்கப்பூர் டாலரின்) மாற்று விகிதமே அதன் கருவி. அதனால் வெள்ளி வட்டி, அமெரிக்க வட்டியையும் வெள்ளி எவ்வளவு உயரும் என்ற எதிர்பார்ப்பையும் ஒட்டி நகர்கிறது. வங்கி நேர்காணலில் இதைத் தெளிவாகச் சொல்லத் தெரிந்தவர் உடனே தனியாகத் தெரிவார்.

கையில் இருப்பதும் இல்லாததும்

இயற்பியல் படித்தவருக்குப் பரவல் சமன்பாடு பழக்கம். ஆப்ஷன் விலைக்காக 1973இல் வெளிவந்த பிளாக்-ஷோல்ஸ் சமன்பாட்டில் மாறிகளைத் தகுந்தபடி மாற்றினால் அது வெப்பப் பரவல் சமன்பாடாகவே ஆகிவிடும். இயந்திரவியலில் பாய்மக் கணக்கீடு செய்தவருக்கு, அத்தகைய சமன்பாட்டை நேரப் படிகளாகத் தீர்க்கும் கிராங்க்-நிக்கல்சன் முறை கைவந்தது. ஆனால் அதை அப்படியே ஆப்ஷனுக்குப் போட்டால் ஓர் இடத்தில் உதைக்கும். முடிவு நாளில் ஆப்ஷனின் மதிப்புக் கோடு ஸ்ட்ரைக் விலையில் (முன்பே பேசிய விலையில்) முறிந்து நிற்கிறது. அந்த முறிவை கிராங்க்-நிக்கல்சன் தணிக்காது. அதைச் சுற்றிக் காமா (பங்கு விலையைப் பொறுத்து ஆப்ஷன் மதிப்பின் இரண்டாம் வகைக்கெழு) மேலும் கீழுமாக அலையடிக்கும். விலையைப் பார்த்தால் பிழை தெரியாது, காமாவை வரைந்தால்தான் தெரியும். முதல் இரண்டு நேரப் படிகளை நான்கு அரைப் படிகளாக முழு மறைமுக முறையில் ஓட்டிவிட்டு, பிறகு கிராங்க்-நிக்கல்சனுக்கு மாறினால் அலை அடங்கிவிடும். இந்த ஒரு விஷயத்தைப் படம் போட்டு விளக்கினாலே, நீங்கள் இதைக் கையால் செய்து பார்த்தவர் என்று எதிரில் இருப்பவருக்குப் புரியும்.

மின்னணுவியல் படித்தவரிடம் கால்மன் வடிகட்டியும் இரைச்சலைப் பற்றிய பயிற்சியும் இருக்கின்றன. ஃபேப்பில் வேலை பார்த்தவருக்குக் கட்டுப்பாட்டு வரைபடம், போலி எச்சரிக்கை, நூற்றுக்கணக்கான அளவீடுகளை ஒரே நேரத்தில் கவனிப்பது எல்லாம் அன்றாடம். அவர்களுடைய இந்தப் பழக்கத்தை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். ஆனால் ஃபேப்பில் சந்தேகம் வந்தால் இன்னொரு தட்டை ஓட்டிப் பார்க்கலாம். சந்தையில் கோவிட் வீழ்ச்சி நடந்த 2020 மார்ச்சை மறுபடி ஓட்ட முடியாது. இருக்கும் ஒரே வரலாற்றை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும். அந்த வரலாற்றின் இயல்பும் ஆண்டுக்கு ஆண்டு மாறிக்கொண்டே இருக்கும்.

பெரும்பாலானவர்களிடம் இல்லாதது நிகழ்தகவும் புள்ளியியலும். பொறியியல் பாடத்திட்டத்தில் ஒரு பருவம் படித்தது போதாது. நிபந்தனைச் சராசரி, மார்ட்டிங்கேல், இட்டோவின் விதி, அளவை மாற்றம் இவ்வளவும் வேண்டும். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, நியூயார்க்கின் கூரான்ட் கழகத்தில் பணியாற்றி, 2007இல் ஏபல் பரிசு பெற்ற நம் ஸ்ரீனிவாச வரதன் குறுகிய காலப் பரவலைப் பற்றிச் செய்த வேலை, சில நாட்களில் முடியும் ஆப்ஷன்களின் விலைக் கோட்பாட்டில் இன்றும் பயன்படுகிறது. அவ்வளவு ஆழம் எல்லாருக்கும் தேவையில்லை. ஆனால் நேரியல் ரிக்ரஷனை (தரவில் நேர்கோடு பொருத்துவதை) மட்டும் அடிவரை தெரிந்துவைத்திருங்கள். வேலையில் நரம்பியல் வலையை விட அதுதான் அதிகம் பயன்படும்.

ஒரு விலையும் அதன் பிழையும்

கால் ஆப்ஷனின் (வாங்கும் உரிமையின்) விலையை மனக்கணக்காகப் போட ஒரு வழி உண்டு. ஸ்ட்ரைக் விலையும் பங்கு விலையும் ஒன்றாக இருந்தால், பங்கு விலையை வொலட்டிலிட்டியாலும் (ஓராண்டில் விலை எவ்வளவு ஏறி இறங்கும் என்ற அளவு), ஆண்டுகளில் சொன்ன காலத்தின் வர்க்கமூலத்தாலும், 0.4ஆலும் பெருக்குங்கள். பங்கு 100 வெள்ளி, வொலட்டிலிட்டி 20 விழுக்காடு, காலம் மூன்று மாதம் என்றால் 0.4 × 100 × 0.2 × 0.5 = 4 வெள்ளி. வட்டியைப் பூஜ்யமாக வைத்து முழுச் சூத்திரத்தைப் போட்டால் 3.99 வரும்.

அதே ஆப்ஷனை ஓராண்டுக்கு நீட்டினால் சரியான விலை 7.97. இதை மாண்டி கார்லோ முறையில் (ரேண்டம் எண்களால் விலைப் பாதைகளை உருவாக்கிச் சராசரி எடுப்பது) 10,000 பாதை ஓட்டிக் கண்டுபிடியுங்கள். ஒவ்வொரு பாதையின் முடிவும் சராசரியிலிருந்து ஏறத்தாழ 13 வெள்ளி சிதறும். அதை 10,000இன் வர்க்கமூலமான 100ஆல் வகுத்தால் உங்கள் விடையின் திட்டப் பிழை 0.13. இதைப் பத்தில் ஒன்றாகக் குறைக்க 10 லட்சம் பாதை வேண்டும். விடையோடு இந்தப் பிழையையும் எழுதிக் காட்டாத மாணவர் புராஜெக்ட்டுகளை ஏராளமாகப் பார்க்கலாம். ஆய்வகத்தில் பிழைக்கோடு இல்லாமல் ஒரு வரைபடம் கொடுத்தால் பேராசிரியர் திருப்பி அனுப்பிவிடுவார். இங்கு மட்டும் அது எப்படி மறந்துபோகிறதோ தெரியவில்லை.

இதே கணக்கில் இன்னொரு பொறியும் உண்டு. டெல்டா (பங்கு ஒரு வெள்ளி நகர்ந்தால் ஆப்ஷன் எவ்வளவு நகரும் என்ற எண்) வேண்டும் என்று பங்கு விலையை 0.01 கூட்டி, புதிய ரேண்டம் எண்களோடு மறுபடி ஓட்டி, வித்தியாசத்தை 0.01ஆல் வகுப்பார்கள். இரண்டு விலைகளிலும் தனித்தனியாக 0.13 பிழை இருக்கிறது. வித்தியாசத்தின் பிழை சுமார் 0.18, அதை 0.01ஆல் வகுத்தால் 18 ஆகிவிடும். டெல்டாவோ 0க்கும் 1க்கும் நடுவே இருக்க வேண்டிய எண். இரண்டு ஓட்டத்திலும் ஒரே ரேண்டம் எண்களைப் பயன்படுத்தினால் பிழைகள் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும், டெல்டா 0.54 பக்கம் வந்து நிற்கும்.

பேக்டெஸ்ட் ஏன் பொய் சொல்கிறது

ஓர் உத்தியைப் பழைய தரவில் ஓட்டிப் பார்ப்பதுதான் பேக்டெஸ்ட். ஆய்வாளர் வேலைக்கு வருபவர்களுக்கு என்னிடம் சொல்ல ஒன்றே ஒன்றுதான் உண்டு: உங்கள் நல்ல முடிவை உடைக்க முதலில் நீங்களே முயலுங்கள். இதைச் செய்யத் தெரிகிறதா என்றுதான் நேர்காணலில் பார்க்கிறார்கள்.

எண்களிலிருந்தே தொடங்கலாம். ஓர் உத்தியின் ஆண்டு ஷார்ப் விகிதத்தை (சராசரி லாபத்தை அதன் ஏற்ற இறக்கத்தால் வகுத்த எண்), தரவு இருக்கும் ஆண்டுகளின் வர்க்கமூலத்தால் பெருக்கினால் ஏறக்குறைய அதன் டி-மதிப்பு (லாபம் தற்செயல் அல்ல என்று எவ்வளவு நம்பலாம் என்ற அளவு) கிடைக்கும். ஷார்ப் 1 இருக்கும் உத்தியின் டி-மதிப்பு 2ஐத் தொட நான்கு ஆண்டுத் தரவு வேண்டும். ஷார்ப் 0.5 என்றால் பதினாறு ஆண்டு. அதுவும் ஒரே ஒரு யோசனையைச் சோதித்திருந்தால் மட்டும். எந்தப் பயனும் இல்லாத 100 யோசனைகளை 5 விழுக்காடு வரம்பில் சோதித்தாலே சராசரியாக ஐந்து வெற்றிபோலத் தெரியும். நகரும் சராசரியின் நீளத்தை 5 நாளிலிருந்து 200 நாள் வரை மாற்றி மாற்றிப் பார்த்து, நன்றாக வந்த ஒன்றை மட்டும் விண்ணப்பத்தில் ஒட்டினால் நீங்கள் செய்ததும் அதுதான். எத்தனை சோதித்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். எழுதினால் மதிப்புக் கூடும்.

அடுத்தது, வருங்காலத்தை எட்டிப் பார்த்துவிடுவது. இன்றைய முடிவு விலையிலிருந்து சிக்னல் (வாங்கவா விற்கவா என்ற குறிப்பு) கணக்கிட்டு, அதையே இன்றைய லாபத்தோடு பெருக்கிவிடுவார்கள். பைதானில் பாண்டாஸ் அட்டவணையில் சிக்னலை ஒரு வரிசை கீழே தள்ள மறந்தால் போதும், எந்த உத்தியும் தங்கச் சுரங்கமாகத் தெரியும். இன்னும் கண்ணுக்குத் தெரியாத வகை ஒன்றும் உண்டு: முழுத் தரவின் சராசரியையும் விலக்கத்தையும் எடுத்து மாறிகளைச் சீராக்கிவிட்டுப் பிறகு பயிற்சி, சோதனை என்று பிரிப்பது. சோதனைக் காலத்தின் சராசரி அதற்குள்ளேயே பயிற்சிக்குள் புகுந்துவிட்டது. ஷார்ப் 4, 5 என்று வந்தால் மகிழ்வதற்கு முன் இவை இரண்டையும் தேடுங்கள்.

உள்ளூர்த் தரவுக்கென்றே சில வலைகள் உள்ளன. ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் குறியீட்டில் இன்றிருக்கும் 30 பங்குகளை எடுத்து 2010 முதல் சோதித்தால், நடுவில் வீழ்ந்து வெளியேறியவை கணக்கிலேயே வராது. 2015இல் சிங்கப்பூர்ச் சந்தை முதன்மைப் பட்டியல் நிறுவனங்களுக்கு 20 காசு என்ற குறைந்தபட்ச விலை விதியைக் கொண்டுவந்தது; 2020இல் அது நீக்கப்பட்டது. அந்த விதியால் சில்லறைக் காசில் இருந்த பல நிறுவனங்கள் தம் பங்குகளை ஒன்றிணைத்தன. பத்துப் பங்கு ஒன்றானால் 3 காசுப் பங்கு மறுநாள் 30 காசாகத் தெரியும். திருத்தாத தரவில் அது ஒரே நாளில் 900 விழுக்காடு லாபம். அப்படி ஒரு நாள் உள்ளே இருந்தால், "விழுந்த பங்குகளை வாங்கு" என்ற எந்த உத்தியும் பிரமாதமாகத்தான் இருக்கும். ஒரு நாளில் 40 விழுக்காட்டுக்கு மேல் நகர்ந்த எல்லா வரிசையையும் பிரித்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் நிறுவன அறிவிப்பு இருக்கிறதா என்று கையால் பாருங்கள். இது சலிப்பான வேலைதான். ஆனால் தரவோடு உண்மையில் பழகியவர் யார் என்பது இதில்தான் தெரியும்.

அதற்கப்புறம் செலவு. 1.20 வெள்ளிக்கு விற்கும் பங்கு ஒரு காசுப் படியாகத்தான் நகரும். வாங்குவோர் 1.20, விற்போர் 1.21 என்று நின்றால், இப்போதே வாங்கி இப்போதே விற்றாலும் 0.83 விழுக்காடு போய்விடும். சந்தையின் தீர்வுக் கட்டணம் 0.0325, அணுகல் கட்டணம் 0.0075 விழுக்காடு, தரகு, பொருள் சேவை வரி எல்லாம் அதற்கு மேல். ஒரு வர்த்தகத்துக்கு 0.3 விழுக்காடு லாபம் காட்டும் உத்தி இங்கே நஷ்டம்தான்.

இந்த ஒரு காசுப் படி வேறொரு மாயத்தையும் செய்கிறது. பங்கின் உண்மை மதிப்பு நகரவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் கடைசியாக வந்தவர் வாங்கினால் முடிவு விலை 1.21; மறுநாள் கடைசியாக வந்தவர் விற்றால் 1.20. முடிவு விலையை மட்டும் பார்ப்பவருக்கு, ஏறியது இறங்குகிறது, இறங்கியது ஏறுகிறது என்று தோன்றும். அதை உத்தியாக்கி 1.20க்கு வாங்கி 1.21க்கு விற்றதாகக் கணக்கெழுதுவார்கள். நிஜத்தில் அவசரமாக வாங்குபவருக்குக் கிடைப்பது 1.21, விற்பவருக்குக் கிடைப்பது 1.20. பேக்டெஸ்டில் லாபமாக எழுதிய அதே ஒரு காசைத்தான் நிஜத்தில் நீங்கள் இழக்கிறீர்கள். முடிவு விலைக்குப் பதிலாக, வாங்குவோர் விற்போர் விலைகளின் நடுவை எடுத்து மறுபடி ஓட்டினால் அந்த லாபத்தில் பெரும்பகுதி மறைந்துவிடும். மறையாமல் மிஞ்சுவது எவ்வளவோ அதைப் பற்றி மட்டும் பேசுங்கள்.

சோராவை வைத்து ஒரு புராஜெக்ட்

வங்கிப் பக்கம் போக விரும்புபவர் காட்டுவதற்கு ஒரே ஒரு புராஜெக்ட் போதும் என்றால், நான் சொல்வது சோரா. வங்கிகள் தங்களுக்குள் ஓரிரவுக்கு வெள்ளி கடன் வாங்கும் வட்டியின் சராசரி அது. நாணய ஆணையம் அடுத்த வேலை நாள் காலை 9 மணிக்கு வெளியிடுகிறது. பழைய வட்டி அளவுகோல்களான எஸ்ஓஆர் 2023 நடுவிலும், சைபோர் 2024 இறுதியிலும் விடைபெற்றுவிட்டன. இன்று வீட்டுக் கடனிலிருந்து ஸ்வாப் வரை வெள்ளி வட்டி என்றால் சோராதான்.

நாணய ஆணையத்தின் தளத்திலிருந்து தினசரி சோராவை இறக்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வேலை நாளுக்கும் அன்றைய விகிதத்தை, அது எத்தனை நாள் நிற்கிறதோ அந்த எண்ணால் பெருக்கி, 365ஆல் வகுத்து, 1ஐக் கூட்டுங்கள். மூன்று மாதத்துக்கு இவற்றையெல்லாம் ஒன்றோடொன்று பெருக்கி, 1ஐக் கழித்து, ஆண்டு விகிதமாக மாற்றுங்கள். ஆணையமே மூன்று மாதக் கூட்டு சோராவை வெளியிடுவதால் உங்கள் விடையை நான்காவது தசம இடம் வரை ஒப்பிடலாம். சரியா தப்பா என்று உடனே தெரிந்துவிடும் புராஜெக்ட் என்பதால்தான் இதை இவ்வளவு வலியுறுத்துகிறேன்.

முதல் முறையிலேயே பொருந்துவது அபூர்வம். வெள்ளிக்கிழமை விகிதம் சனி, ஞாயிறையும் சேர்த்து மூன்று நாள் நிற்கும். அதை ஒரு நாளாக எடுத்திருப்பீர்கள். பொது விடுமுறை வந்தால் இன்னும் கூடும். 2025இல் தீபாவளி அக்டோபர் 20, திங்கட்கிழமை. ஆகவே அக்டோபர் 17 வெள்ளிக்கிழமைக்கான விகிதத்தின் எடை நான்கு நாள். அமெரிக்க டாலர் பழக்கத்தில் 360ஆல் வகுத்திருப்பீர்கள். வெள்ளிக்கு 365, லீப் ஆண்டிலும் 365. இந்த மூன்றையும் திருத்தினால் பெரும்பாலும் பொருந்திவிடும்.

அடுத்த கட்டமாக, ஓரிரவு வட்டி ஸ்வாப் விகிதங்களிலிருந்து வட்டிக் கோட்டை (எந்தக் காலத்துக்கு எவ்வளவு வட்டி என்று காட்டுவது) கட்டுங்கள். கட்டியபின், உள்ளே கொடுத்த ஒவ்வொரு ஸ்வாப்பையும் அதே கோட்டை வைத்து மறுபடி விலையிட்டால் பூஜ்யம் வர வேண்டும். பிறகு முன்னோக்கு விகிதங்களை (வருங்காலத்தின் ஒரு பகுதிக்கு அந்தக் கோடு சொல்லும் வட்டி) வரையுங்கள். ஸீரோ விகிதங்களுக்கு (இன்றிலிருந்து ஒவ்வொரு காலத்துக்குமான வட்டி) நடுவே நேர்கோடு போட்டிருந்தால் முன்னோக்கு விகிதம் ரம்பப் பல்லாகத் தெரியும். விலை சரியாக வந்தும் கோடு தவறு என்பதற்கு அதுவே சாட்சி. ஏன் அப்படி ஆகிறது, எந்த இடைக்கணிப்பு முறை அதைக் குறைக்கிறது என்று இரண்டு பக்கம் எழுதி வையுங்கள். நேர்காணலில் அரை மணி நேரம் இதிலேயே போகும், அந்த அரை மணியும் உங்கள் மைதானத்தில்.

அபாயப் பக்கம் போகிறவர்களுக்கு

வங்கி விதிகள் மாறிக்கொண்டிருக்கும் நேரம் இது. சந்தை அபாயத்துக்கு மூலதனம் ஒதுக்கும் புதிய பாசல் விதி (சர்வதேச வங்கி விதி) சிங்கப்பூரில் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பழைய 99 விழுக்காட்டு வேல்யூ அட் ரிஸ்க்குக்கு (100இல் 99 நாள் நஷ்டம் தாண்டாத வரம்பு) பதிலாக, உள் மாதிரி வைத்திருக்கும் வங்கிகள் 97.5 விழுக்காட்டு எக்ஸ்பெக்டட் ஷார்ட்ஃபாலை (வரம்பைத் தாண்டும் நஷ்டங்களின் சராசரி) கணக்கிட வேண்டும். ஏன் 97.5? இயல்நிலைப் பரவலில் முதலாவது திட்ட விலக்கத்தின் 2.33 மடங்கு, இரண்டாவது 2.34 மடங்கு, ஏறக்குறைய ஒன்றே. வால் தடித்த பரவலில்தான் இரண்டும் பிரியும், அதைப் பிடிப்பதற்குத்தான் மாற்றம். பின்சோதனையையும் (கணித்த வரம்பை உண்மை நஷ்டம் எத்தனை நாள் மீறியது என்று எண்ணுவது) கையால் போட்டுப் பாருங்கள். 250 நாளில் 99 விழுக்காட்டு வரம்பை மீற எதிர்பார்ப்பது 2.5 நாள். நான்கு வரை பச்சை, ஐந்து முதல் ஒன்பது வரை மஞ்சள், பத்தும் அதற்கு மேலும் சிவப்பு.

இந்தக் குழுக்கள் வர்த்தகரிடமிருந்து ஏன் தனியாக நிற்கின்றன என்பதற்கு இந்த ஊரிலேயே பாடம் நடந்தது. பேரிங்ஸ் வங்கியின் நிக் லீசன், அன்றைய சிங்கப்பூர் ஃபியூச்சர்ஸ் சந்தையான சைமெக்ஸில் வர்த்தகத்தையும் அதன் தீர்வுக் கணக்கையும் தானே பார்த்துக்கொண்டார். 1995 ஜனவரி 17 கோபே நிலநடுக்கத்துக்குப் பின் நிக்கேய் சரிய, மறைத்து வைத்திருந்த நஷ்டம் வளர்ந்து 827 மில்லியன் பவுண்டைத் தொட்டது, வங்கி மூழ்கியது. மாதிரிச் சரிபார்ப்பை இரண்டாந்தர வேலையாக நினைப்பவர்கள் இதை ஒரு முறை விவரமாகப் படித்துப் பார்க்கட்டும்.

இந்த வேலைகளுக்கு எஃப்ஆர்எம் (நிதி அபாய மேலாளர்) சான்றிதழ் உதவும். ஆய்வாளர், டெவலப்பர் வேலைகளில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

நேர்காணலில்

வர்த்தக நிறுவனங்களில் முதல் வடிகட்டி மனக்கணக்கு. 8 நிமிடத்தில் 80 கேள்வி என்பது புழக்கத்தில் உள்ள வடிவம். இதற்குத் தினம் பத்து நிமிடப் பயிற்சியைத் தவிர வேறு வழியில்லை.

அப்புறம் நிகழ்தகவு. நாணயத்தைச் சுண்டும்போது அடுத்தடுத்து இரண்டு தலை விழச் சராசரியாக எத்தனை சுண்டல்? ஆறு. தலை, உடனே பூ விழ? நான்கு. இரண்டின் வாய்ப்பும் கால்தானே, விடை ஏன் வேறு? ஒரு தலை விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். தலை-தலைக்காகக் காத்திருப்பவருக்கு அடுத்தது பூ விழுந்தால் எல்லாம் முதலிலிருந்து. தலை-பூவுக்காகக் காத்திருப்பவருக்கு அடுத்தது தலை விழுந்தாலும் கையில் ஒரு தலை மிச்சம் இருக்கிறது. விடையை விட இந்த விளக்கத்துக்குத்தான் மதிப்பெண்.

ரிக்ரஷனில் அடிக்கடி வருவது: தரவை அப்படியே இன்னொரு பிரதி எடுத்துக் கீழே ஒட்டினால் என்ன ஆகும்? கெழுக்கள் மாறாது, ஆர்-வர்க்கம் மாறாது, திட்டப் பிழை ஏறத்தாழ 1.41 மடங்கு குறையும், டி-மதிப்பு அதே அளவு பொய்யாகக் கூடும். ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கும் மாத லாபங்களைத் தினமும் கணக்கிட்டு ரிக்ரஷன் போடுபவர் செய்வதும் கிட்டத்தட்ட இதுதான். இன்னொன்று: மூன்று மாறிகளில் முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் ஒட்டுறவு 0.9, இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் 0.9; முதலாவதுக்கும் மூன்றாவதுக்கும் குறைந்தபட்சம் எவ்வளவு? 0.9 × 0.9 = 0.81; அதிலிருந்து 1 − 0.81 = 0.19 கழித்து 0.62.

டெவலப்பர் வேலைக்கு சி பிளஸ் பிளஸ் தேவை. அதில் நினைவகம் எப்படி அடுக்கப்படுகிறது, செயலியின் கேஷ் நினைவகம் ஏன் தவறுகிறது, பூட்டு இல்லாமல் இரண்டு திரெட் எப்படிப் பேசும் என்ற அளவுக்குப் போக வேண்டும். மற்ற வேலைகளுக்குப் பைதான், எஸ்கியூஎல், கிட் போதும். ஆனால் அந்த மூன்றிலும் தடுமாறாமல் எழுத வர வேண்டும்.

பட்டம், பாஸ், பத்திரம்

நன்யாங்கில் நிதிப் பொறியியல் முதுகலை, தேசியப் பல்கலைக்கழகத்திலும் சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகத்திலும் குவான்ட் நிதி முதுகலை இருக்கின்றன. ஏற்கெனவே கணிதத்திலோ இயற்பியலிலோ முனைவர் பட்டம் உள்ளவருக்கு இது அவசியமில்லை. வெறும் இளங்கலைப் பொறியியலோடு வருபவருக்குப் பாடத்தை விட, அதோடு வரும் இன்டர்ன்ஷிப்பும் வேலைவாய்ப்புத் தொடர்புமே பெரிய பலன். சேருமுன் முந்தைய ஆண்டு மாணவர்கள் எந்த வேலையில் சேர்ந்தார்கள் என்று துறையிடமே கேளுங்கள். "வங்கித் துறை" என்ற பொதுப் பதிலோடு விட்டுவிடாதீர்கள்.

ஊரிலிருந்து வருபவர்களுக்கு வேலை அனுமதியான பாஸ்தான் பெரிய கேள்வி. 2025 ஜனவரி முதல் நிதித்துறையில் புதிய எம்ப்ளாய்மென்ட் பாஸுக்குக் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 6,200 வெள்ளி, வயது கூடக் கூட இதுவும் கூடும். அவ்வப்போது இந்த வரம்பு உயர்த்தப்படுவதால் மனிதவள அமைச்சின் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். 2023 செப்டம்பரிலிருந்து, விண்ணப்பத்துக்குப் புள்ளியிடும் காம்பஸ் முறையில் 40 புள்ளியும் எடுக்க வேண்டும். சம்பளம், கல்வித் தகுதி இரண்டும் உங்களைச் சார்ந்தவை. மற்ற இரண்டு அடிப்படைப் பிரிவுகள் நிறுவனத்தைச் சார்ந்தவை. அதில் ஒன்று, அங்கிருக்கும் நிபுணர் பணியாளர்களில் உங்கள் நாட்டவர் எத்தனை விழுக்காடு என்பது. கால் பங்கைத் தொட்டாலே அந்தப் பிரிவில் பூஜ்யம். ஆக, ஒரே தகுதியோடு ஒரு நிறுவனத்தில் பாஸ் கிடைத்து இன்னொன்றில் கிடைக்காமல் போவது சகஜம். சம்பளப் பேச்சு தொடங்கியதும் மனிதவளத் துறையிடம் புள்ளி நிலவரத்தை நேராகக் கேட்டுவிடலாம். யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

கல்வி மானியத்தில் இங்கே இளங்கலை படித்த வெளிநாட்டு மாணவருக்கு மூன்றாண்டுப் பத்திரம் இருக்கும். சிங்கப்பூர் நிறுவனம் ஒன்றில் வேலை செய்து அதைக் கழிக்க வேண்டும். உங்கள் வேலை ஒப்பந்தம் எந்த நாட்டில் பதிவான நிறுவனத்தோடு என்று கையெழுத்துக்கு முன்பே பாருங்கள். ஹாங்காங் ஒப்பந்தத்தில் சிங்கப்பூரில் உட்கார்ந்து வேலை செய்வதாக இருந்தால் பல்கலைக்கழகத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

அதே ஒப்பந்தத்தில் போட்டித் தடை விதியையும் வரி வரியாகப் படியுங்கள். ஹெட்ஜ் ஃபண்டுகளிலும் வர்த்தக நிறுவனங்களிலும், விலகியபின் சில மாதம், சில இடங்களில் ஓராண்டு, வேறு நிறுவனத்தில் சேரக் கூடாது என்று இருக்கும். அந்தக் காலத்துக்கு அடிப்படைச் சம்பளம் உண்டா, போனஸ் என்ன ஆகும், தடையை நீட்டிப்பதும் குறைப்பதும் யார் கையில் என்ற மூன்றையும் கேளுங்கள். பாஸில் இருப்பவருக்கு நான்காவதாக ஒன்று: அந்த மாதங்களில் பாஸ் உயிரோடு இருக்குமா? வேலை முடிந்த நாளோடு நிறுவனம் பாஸை ரத்து செய்துவிட்டால், தடைக்காலத்தை இங்கே உட்கார்ந்து கழிக்க முடியாது.